மூன்றாவது டர்போ

பதினோரு வளைவுகள் ஏறவேண்டிய மேட்டுச் சாலையில், ஏழாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை. முதலில் ஓர் ஊளை, பிறகு பின்னால் நீலப் புகை, பிறகு எவ்வளவு மிதித்தாலும் 'என்னால ஆகாது, போ' என்று ஒரு முக்கல். பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதாக இல்லை. ஊசியக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"ஹாரன் அடிச்சா ஏறும்னா நானே அடிச்சுக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?"

பேருந்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். ஓட்டுநருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கையை எடுத்துவிட்டார். அவள் வண்டியைச் சாலை ஓரத்துக்கு உருட்டி, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதி நான்கு வளைவையும் நடந்தே ஏறினாள். ஐம்பத்து மூன்று வயது, இரண்டு முழங்காலிலும் வலி. ஒவ்வொரு வளைவிலும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, வண்டியை ஒரு திட்டுத் திட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தாள்.

ஊசியக்கா என்ற பேரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். ஒருநாள், ஆள் போதாமல் யாருமே மாற்றாத ஒரு நோயாளியின் புண்கட்டை மாற்றியதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "கோபத்துல வந்துட்டே, நாளைக்குப் போய்ப் பேசு" என்றார் வீட்டுக்காரர். "கோபத்துல வரலைங்க. கோபம் வந்திருந்தா பேனாவத் தூக்கி எறிஞ்சிருப்பேன்" என்றாள். திரும்பிப் போகவே இல்லை.

பிறகு, நோயாளிகளின் வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஒரு நிலையத்தில் சேர்ந்தாள். சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. நாற்பத்து மூன்று வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாம் தடவை தேறியதும், தேர்வு வைத்தவரிடமே, "போன தடவையும் இதே மாதிரிதான் ஓட்டினேன், அப்ப என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உரிமத்தைக் கையில் வாங்கினாள். அவள் வாங்கிய டீசல் வண்டிக்கு அப்போதே எட்டு வயது. இப்போது பதினெட்டு. சாம்பல் நிறம், பின்கதவு ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும்.

மேட்டில் அவளுக்கு ஆறு வீடுகள். ஆறாவது வீடு தையல்காரம்மாவுடையது. இடது காலில், கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். ஏழு மாசத்துக்கு முன்பு உள்ளங்கை அகலம் இருந்தது. தினமும் கழுவி, மருந்து வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை ஒரே சீராகக் கட்டுச் சுற்ற வேண்டும். இறுக்கினாலும் கெட்டது, தளர்ந்தாலும் கெட்டது. அப்படித் தினமும் செய்து செய்துதான் புண் இப்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. நடுவில் ஒரு வாரம் ஊசியக்காவுக்குக் காய்ச்சல் வந்து, வேறு யாரோ இரண்டே நாள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வாரத்தில் போனதை மீட்க ஒன்றரை மாசம் ஆயிற்று. அதனால்தான் வண்டி நின்றபோதும் ஊசியக்கா மீதி மேட்டை நடந்தே ஏறினாள்.

அன்று மத்தியானம் கீழே இறங்கி வந்ததும் நிலையத்தின் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசுக்காரர், சட்டை கசங்காதவர், எதைக் கேட்டாலும் முதலில் கையிலிருக்கும் திரையைப் பார்ப்பவர்.

"சிஸ்டர், இந்த மாசத்துல இது மூணாவது தடவை. பஸ்காரங்க புகார் வேற பண்ணியிருக்காங்க. ஒரு வெளிக் கம்பெனி இருக்கு. புது வண்டி, புது ஆளுங்க. மேட்டு ரூட்ட அவங்களுக்குக் குடுத்துடலாம்னு…"

"தினமும் வருவாங்களா?"

மேலாளர் திரையைப் பார்த்தார். "மூணு நாளைக்கு ஒரு தடவை."

"அப்ப தையல்காரம்மா கால்?"

"அவங்களும் நர்ஸ்தானே சிஸ்டர்? பார்த்துப்பாங்க. உங்க வண்டிக்கும் வயசாச்சு. ஒத்துக்கணும் இல்லையா?"

"வயசானதெல்லாம் தூக்கிப் போட்டுடணும்னா நமக்கு இங்க என்ன சார் வேலை? நீங்களும் நானும் கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மேலாளர் கொஞ்ச நேரம் திரையைத் தேய்த்தார். கடைசியில், வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தருவதாகவும், அதற்குள் வண்டி சரியாகி மேடு ஏறினால் ரூட் அவளுக்கே என்றும் சொன்னார். அன்று திங்கள்.

பட்டறை சாலை முக்கில் இருந்தது; ஏற மறுத்த வண்டி இறக்கத்தில் சமத்தாக அதுவரை இறங்கி வந்தது. பட்டறைக்காரரை எல்லாரும் சபாஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். எது நடந்தாலும் அவர் வாயில் முதலில் வரும் வார்த்தை அது. போல்ட் முறிந்தால் சபாஷ், விரலில் சுத்தியல் பட்டாலும் சபாஷ். அவர் முன்கதவைத் திறந்து எஞ்சினை ஒரு உறுமு உறும விட்டார். ஊளை கேட்டது. புகை கிளம்பியது.

"சபாஷ்! டர்போ போச்சுக்கா."

டர்போ என்பது, எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற ஒரு சின்னச் சுழலி. அது இருந்தால்தான் அந்த வண்டிக்கு மேடு ஏறும் தெம்பு. இல்லாவிட்டால் வீரமெல்லாம் சமதளத்தில் மட்டும்தான். வண்டியோடு வந்த டர்போ போன வருஷம் போனது. சபாஷ் வேறொன்று மாட்டினார், அது நாலு மாசம். அடுத்து மாட்டியது பத்து வாரம்.

"எப்படித் தம்பி ஒண்ணு மாத்தி ஒண்ணு போகும்?"

"நான் என்னக்கா பண்ண? நீங்க மிதிக்கிற மிதி அப்படி. நோயாளி நோயாளின்னு பறக்கிறீங்க. பொம்பளைங்க…" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டார்.

"சொல்லுங்க. பொம்பளைங்க?"

"ஒண்ணுமில்லக்கா. இன்னொண்ணு மாட்டிடறேன். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வரலை. இப்பவே கழட்டுங்க. பார்த்துட்டுத்தான் போவேன்."

சபாஷ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எஞ்சின் சூடு, கை வைக்க முடியாது, கழட்ட நேரமாகும், அக்காவுக்கு முட்டி வலிக்கும். அவள் ஒரு டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் செருப்புக் கடையில் வேலை முடிந்து, அவளைத் தேடிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அந்த வண்டிக்குப் பண்ற பணிவிடையில கால்வாசி எனக்குப் பண்ணியிருந்தா நான் இன்னும் இளமையா இருப்பேன்."

"நீங்க புகை விடலையே, விட்டிருந்தா பண்ணியிருப்பேன். போய் டீ வாங்கிட்டு வாங்க, சபாஷ் தம்பிக்கும் சேர்த்து."

டீ வருவதற்குள் டர்போ கழன்றுவிட்டது. சபாஷ் அதன் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பல் விழப்போகிற மாதிரி ஆடியது. ஊசியக்கா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே எண்ணெய் போன சுவடே இல்லை, காய்ந்து கிடந்தது.

"இதுக்கு எண்ணெய் எதுல வருது?"

"இதோ, இந்தப் பைப்புல."

"இந்தப் பைப்ப எப்ப மாத்தினீங்க?"

"பைப்ப எதுக்குக்கா மாத்தணும்? அது வெறும் பைப்பு. அது பாட்டுக்கு இருக்கும்."

ஊசியக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "தம்பி, ஒரு ஆளுக்கு டிரிப் ஏறலைன்னு வைங்க. கைய மாத்திக் குத்துறேன், மறுபடி ஏறலை. காலுல குத்துறேன், ஏறலை. அப்பவும் டியூப்ல என்ன அடைச்சிருக்குன்னு பார்க்காம, 'இந்த நோயாளி சரியில்லை'ன்னா என்னை என்ன சொல்லுவீங்க?"

அவள் மருந்துப் பையைத் திறந்து, ஐம்பது மில்லி பிடிக்கும் பெரிய சிரிஞ்சைப் பிரித்தாள். டப்பாவிலிருந்த டீசலை உறிஞ்சினாள். பைப்பைக் கழட்டி வாங்கி, ஒரு முனையில் சிரிஞ்சின் மூக்கை வைத்து, சுற்றிலும் துணியால் இறுக்கிப் பிடித்து அமுக்கினாள். மறுமுனையில் ஒரு சொட்டு. யோசித்து யோசித்து இன்னொரு சொட்டு. கட்டைவிரல் வெளுக்கும்வரை அமுக்கினாள். டப்பென்று ஏதோ தெறித்துச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ரப்பர் மாதிரி, சிவப்பாக, பட்டாணியில் பாதி.

"என்ன தம்பி இது?"

சபாஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் பலகையில் அதே சிவப்பில் ஒரு டியூப் பிதுக்கிய நிலையில் கிடந்தது.

"பேஸ்ட்டு" என்றார் கடைசியில். "எண்ணெய் கசியக் கூடாதுன்னு மூட்டுல தடவுறது. இறுக்கும்போது உள்ள பிதுங்கியிருக்கு."

"யார் தடவினது?"

"நான்தான்கா."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்தான்."

"அப்ப என் மிதி?"

"உங்க மிதில ஒரு குறையும் இல்லக்கா." சபாஷின் மூஞ்சி தொங்கிப்போயிற்று.

விட்டாளா? மறுபடியும் சிரிஞ்சை நிரப்பி அமுக்கினாள். இந்தத் தடவை வந்தது கரி. பொடிப்பொடியாக, அடுப்பில் கருகிப் பெயர்ந்த மாதிரிக் கறுப்புச் செதில்கள். அதைப் பார்த்ததும் சபாஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது நான் இல்ல! இது எண்ணெய் வெந்து கரியானது. அக்கா, மேல ஏறிப் போனதும் என்ன பண்ணுவீங்க?"

"வாசல்ல நிறுத்துவேன்."

"நிறுத்தினதும்?"

"சாவியத் திருப்பிடுவேன். உள்ள நோயாளி தூங்குவாங்கல்ல? ஒரு நொடிகூடச் சத்தம் இருக்கக் கூடாது. பத்து வருஷமா என்னால யாரு தூக்கமும் கலைஞ்சதில்ல." இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை வழிந்தது.

சபாஷ் நெற்றியில் அடித்துக்கொண்டார். மேடு ஏறி முடித்த நேரத்தில் டர்போ நெருப்பாகக் காய்ந்திருக்கும், சுற்றிக்கொண்டும் இருக்கும் என்றார். அந்த நேரத்தில் எஞ்சினை அணைத்தால் எண்ணெயும் நின்றுவிடும், உள்ளே தங்கியது அங்கேயே வெந்து கரியாகும், ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, ஆறிய பிறகுதான் அணைக்க வேண்டும் என்றார். "வண்டியோட வந்தத நீங்க கொன்னீங்க. நான் மாட்டின ரெண்டையும் நானே கொன்னேன். பழி ரெண்டு பேருக்கும்தான்."

ஊசியக்காவுக்கு நிஜமாகவே வலித்தது. யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த மரியாதை. மலை மாதிரி நம்பிக்கொண்டிருந்த ஒரு நல்ல குணம். அதுவே தினமும் ஆறு வாசலில் நின்று வண்டியைக் கொன்றிருக்கிறது. வீட்டுக்காரர் டீக் கோப்பையோடு, இப்போது ஏதாவது சொன்னால் தன் கதி என்னவாகும் என்று யோசித்தபடி நின்றார்.

"சரி, தப்புத்தான்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இனிமே ரெண்டு நிமிஷம் ஓடட்டும். எழுந்து வந்து திட்டினா திட்டட்டும், வாங்கிக்கிறேன். ஆனா தம்பி, புது டர்போவோட புதுப் பைப்பும் வரணும். பேஸ்ட்டு என் வண்டி பக்கமே வரக் கூடாது."

"டர்போ என் பொறுப்புக்கா. பேஸ்ட்டத் தூக்கிக் குப்பையிலயே போட்டுடறேன்." சொன்னதோடு நிற்காமல் போட்டும்விட்டார்.

டர்போ வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் ஊசியக்கா முதல் பேருந்தில் மேடு ஏறினாள். அன்றைக்கு ஹாரன் அடித்த அதே ஓட்டுநர், "என்னக்கா, இன்னிக்கு நான் அடிக்கவா, நீங்க அடிக்கிறீங்களா?" என்று கேலி செய்தார். ஆறு வீடும் ஆறு மூலை. பையோடும் பெட்டியோடும் நடந்து முடித்துக் கடைசிப் பேருந்தில் இறங்குவாள். ராத்திரி வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்து முட்டியை நீவிவிடுவார். "விட்டுடேன், இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "அந்தப் புண்ணு மூடுற வரைக்கும். அப்புறம் கேளுங்க, பதில் சொல்றேன்" என்றாள். ஒரு வீட்டையும் ஒரு நாளும் விடவில்லை.

வியாழன் இரவு சபாஷ் புது டர்போவையும் புதுப் பைப்பையும் பூட்டினார். கிளப்புவதற்கு முன்பு டர்போவின் வாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி நனைக்க வேண்டும் என்றார். "தள்ளுங்க, அது என் வேலை" என்று ஊசியக்கா சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து, ஊசி போடுகிற அதே நிதானத்தோடு இறக்கினாள். சபாஷ் சாவியைத் திருப்பினார். ஊளை இல்லை. புகை இல்லை. சபாஷ் வாயைத் திறப்பதற்குள் அவளே, "சபாஷ்!" என்று கத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நிலையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, மேலாளரை வெளியே வரச்சொன்னாள்.

"ஏறுங்க சார்."

"எனக்கு மீட்டிங் இருக்கு சிஸ்டர். நீங்க போயிட்டு வந்து சொன்னாப் போதும்."

"நான் சொன்னா நீங்க திரையத்தான் பார்ப்பீங்க. வந்து கண்ணால பாருங்க."

அவர் தயங்கினார். பார்வை தப்பித்தப்பிப் போயிற்று. வாசலில் நாலு பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

ஏழாவது வளைவில் முன்னால் போன பேருந்து ஆள் இறக்க நின்றுவிட்டது. ஊசியக்காவும் செங்குத்தான இடத்தில் நிறுத்தவேண்டியதாயிற்று. பேருந்து கிளம்பியது. மேலாளர் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் கிளட்சை மெதுவாக விட்டு மிதித்தாள். வண்டி ஒரு கணம் மூச்சைப் பிடித்தது, பிறகு ஒரே தம்மில் ஏறியது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.

முதலில் தையல்காரம்மா வீட்டுக்கே விட்டாள். வாசலில் நின்றதும் சாவியைத் தொடவில்லை. எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அணைங்க சிஸ்டர், நோயாளி வீடு" என்றார் மேலாளர்.

"ரெண்டு நிமிஷம்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, காலங்கார்த்தால என்ன சத்தம் என்று ஒருவர் கேட்டார். "வண்டிக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்பத்தான் தேறியிருக்கு. ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க!" என்றாள். ஜன்னல் மூடிக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, இரண்டு நிமிஷம் முடிந்த பிறகுதான் அணைத்தாள்.

உள்ளே தையல்காரம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. எப்போதும் காலைத் தூக்கிப் பிடிப்பது அவருடைய மகள், அவள் அன்று சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டாள். ஊசியக்கா ஒரு ஜோடி கையுறையை மேலாளரிடம் நீட்டினாள்.

"மாட்டிக்கிட்டு இந்த ஸ்டூல்ல உட்காருங்க. குதிகாலை உள்ளங்கையில ஏந்திக்குங்க. கீழ இறக்கக் கூடாது."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

அவர் ஏந்திக்கொண்டார். பழைய கட்டு பிரிந்தது. அத்தனை நாளும் திரையில் ஒரு வரியாக மட்டும் பார்த்திருந்த புண், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுற்றிலும் புதுத்தோல் இளஞ்சிவப்பாக, வெங்காயத் தோல் கனத்தில் படர்ந்திருந்தது.

"இன்னும் மூணே வாரம்" என்றாள் ஊசியக்கா, கழுவிக்கொண்டே. "தினமும் கட்டினா மூடிடும்."

தையல்காரம்மா பொலபொலவென்று அழுதுவிட்டார். "அப்புறம் ஏன்கா என்னை விட்டுட்டுப் போறீங்க? நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டீங்களோன்னு நினைச்சு ராத்திரி பூரா தூக்கமில்ல."

"யாரு விட்டுட்டுப் போறா?"

தையல்காரம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நேற்று சாயங்காலம் வந்ததாம். அடுத்த வாரத்திலிருந்து வெளிக் கம்பெனி ஆட்கள் வருவார்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை. கீழே மேலாளரின் கையெழுத்து. மேலே திங்கட்கிழமைத் தேதி.

ஊசியக்கா இரண்டு தடவை படித்தாள். "திங்கக்கிழமை. எனக்கு வெள்ளி வரைக்கும் நேரம் குடுத்தீங்களே, அதே திங்கக்கிழமையா சார்?"

"சிஸ்டர், அது வந்து… ஒரு முன்னேற்பாடாத்தான்… வண்டி சரியாகும்னு நான் நினைக்கவே…" எழுந்திருப்பதற்காக அவர், ஏந்தியிருந்த காலைக் கட்டில்மேல் வைக்கப் பார்த்தார்.

"கீழ வைக்காதீங்க. புண்ணு துணியில உரசினா அந்தத் தோல் போச்சு, ஏழு மாசமும் போச்சு."

அவர் அப்படியே உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் அவள். கத்தவில்லை. "உங்க கையில இருக்குல்ல, அந்தக் கால்கிட்ட சொல்லுங்க. மூணு நாளைக்கு ஒரு தடவைதான் வருவோம்னு அதைப் பார்த்துச் சொல்லுங்க."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். மேலாளர் புண்ணைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடி புண்ணைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"போன் சட்டைப் பையில இருக்கு" என்றார் சன்னமாக. "கொஞ்சம் எடுத்துக் குடுங்க சிஸ்டர்."

அவள் எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்தாள். ஒரு கையில் குதிகாலை ஏந்தியபடியே அவர் வெளிக் கம்பெனியைக் கூப்பிட்டார். "ஆமா, மேட்டு ரூட்டு விஷயமாத்தான். வேண்டாம்… இல்ல, மாத்தல. எங்க ஆள் இருக்காங்க, தினமும் போவாங்க." பேசுகிற வேகத்தில் அவர் ஏந்தியிருந்த காலும் மேலும் கீழும் ஆடியது.

"பேசுறத நல்லாப் பேசுங்க, கால மட்டும் ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஊசியக்கா பாதத்திலிருந்து கட்டைச் சுற்றத் தொடங்கினாள்.